எல்லா அறைக்கும் பதினைந்து டிகிரி

அந்த அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணி. காரணம் நாத்தனார். கணவனின் தங்கை அதே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அண்ணி, என் சார்ஜர் உங்க பையிலயா இருக்கு?" என்று கேட்டுவைத்தாள். அன்று ஒட்டிக்கொண்டதைப் பிறகு உரிக்க முடியவில்லை. அவளைவிட வயதில் மூத்த மேனேஜரே ஒரு கூட்டத்தில் வாய்தவறி அண்ணி என்று சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்ளாமல் விட்டதோடு அது முடிவாகிப்போனது.

நாத்தனாருக்கும் வீட்டில் ஒரு பெயர் உண்டு. பட்டாசு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு வேலையைச் சொன்னால் சொல்லி முடிப்பதற்குள் பாதி செய்திருப்பாள். தப்பு என்று யாராவது சொன்னாலும் அதே வேகத்தில் வெடிப்பாள். வெடித்து முடித்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு வருகிற மௌனம்தான் வீட்டில் எல்லோருக்கும் பயம். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிடுவாள். மாமியார் மருமகளைப் பார்ப்பார். கணவன் யாரையும் பார்க்காமல் தண்ணீர் குடிப்பான்.

இருவரும் வேலை பார்த்த நிறுவனம் குளிர் அறைகளுக்கு எச்சரிக்கைக் கருவி செய்தது. சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டிதான். அதிலிருந்து ஒரு ஒயர் அறைக்குள் போகும். உள்ளே சூடு ஏறி எல்லையைத் தாண்டினால் பெட்டி கத்தும். காய்கறிக் கிடங்கு, மீன் பதப்படுத்தும் இடம், மருந்துக் கிடங்கு, ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி என்று எங்கெல்லாம் குளிர் வேண்டுமோ அங்கெல்லாம் அந்தப் பெட்டி தொங்கியது. பெட்டி ஒன்றுதான். அதற்குள் ஓடும் சாஃப்ட்வேர் அறைக்கு அறை வேறு.

அண்ணி கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. வணிகவியல் படித்துவிட்டுப் பெட்டிகளைச் சோதிக்கும் வேலைக்கு வந்தவள். ஐஸ் தண்ணீரில் ஒயரை முக்கி, வெந்நீரில் முக்கி, கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது பில்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு யாரும் வர விரும்பவில்லை. பில்டு என்பது, ஆளாளுக்கு எழுதிய புரோகிராம்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, கோத்து, பெட்டிக்குள் போகிற மாதிரி பொட்டலம் கட்டுகிற வேலை. வீட்டில் பாத்திரம் கழுவுகிற வேலையைப் போலத்தான். நடக்கிற வரைக்கும் யார் கண்ணிலும் படாது. ஒரு நாள் நின்றால் வீடே நாறும்.

அவள் அதை ஏற்றுக்கொண்டதற்கு ஒரே காரணம், பெண்ணைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரத்துக்குக் கிளம்பலாம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்தது. முதல் சில மாதங்கள் திரையில் சிவப்பு எழுத்து வந்தாலே திரையை மூடிவிடுவாள். பிறகு ஒவ்வொரு சிவப்பு எழுத்தும் என்ன சொல்கிறது என்று பொறுமையாகப் படிக்கப் பழகினாள். படிக்கப் படிக்க, பில்டை ஓட்டுகிற அந்தக் கம்ப்யூட்டர் கருவி கோபக்காரக் கருவி அல்ல, சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற கருவி என்று புரிந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. யாராவது பில்டைக் குறை சொன்னால், தன் பெண்ணைக் குறை சொன்ன மாதிரி முகம் சுருங்கும்.

பில்டின் அமைப்பு இப்படி. மேலே ஒரு தாய் ஃபைல். அதற்குக் கீழே ஒவ்வொரு வகை அறைக்கும் ஒரு புராஜெக்ட், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிள்ளை ஃபைல். எல்லோருக்கும் பொதுவானது தாயிடம் இருக்கும். தனக்கென்று உள்ளதைப் பிள்ளை தன் ஃபைலில் சொல்லிக்கொள்ளும். ரத்த வங்கி, 'எனக்கு எல்லை ஆறு டிகிரி' என்று சொல்லும். மீன் அறை, பூச்சியத்துக்கும் வெகு கீழே ஓர் எண்ணைச் சொல்லும். எதுவும் சொல்லாத பிள்ளைக்குத் தாய் ஒரு எண்ணை வைத்திருந்தது. காய்கறிக் கிடங்குக்கு உரிய பதினைந்து. அந்த எண்ணை அவள்தான், வேலை கற்றுக்கொண்ட காலத்தில், எண் இல்லை என்று பில்டு நின்றுவிடக் கூடாதே என்று அங்கே போட்டுவைத்தாள்.

இந்த எண்ணைப் பொட்டலத்துக்குள் எழுதிவைக்க பில்டுக் கருவியில் தயாராக வழி எதுவும் கிடையாது. அதற்கென்று அவளே ஒரு டாஸ்க், அதாவது பில்டுக்குள் ஓடுகிற ஒரு தனி வேலை, எழுதிச் சேர்த்திருந்தாள். எல்லைப் பதிவு என்று அதற்குப் பெயர். அந்தக் கருவி எப்போதும் இரண்டு சுற்றாகத்தான் வேலை செய்யும். முதல் சுற்றில் தாயிலிருந்து கடைசிப் பிள்ளை வரை எல்லா ஃபைலையும் படித்து, என்னென்ன செய்ய வேண்டும் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது சுற்றில்தான் கையை வைக்கும். அவளுடைய டாஸ்க் எண்ணைக் கேட்டது இரண்டாவது சுற்றில். அதற்குள் எல்லாப் பிள்ளைகளும் பேசி முடித்திருக்கும். பல வருடம் அது ஒழுங்காக ஓடியது.

புராஜெக்ட்டுகள் கூடக்கூட பில்டு மெதுவானது. ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் எல்லாவற்றையும் திரும்பக் கட்டுகிறது, டீ குடித்துவிட்டு வந்தாலும் முடியவில்லை என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். மேனேஜர் அதை வேகமாக்கும் பொறுப்பைப் பட்டாசிடம் கொடுத்தார். அண்ணியிடம் கொடுக்கவில்லை. அவளுக்கு உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. பட்டாசு உண்மையிலேயே நன்றாகச் செய்தாள். மாறாததைத் திரும்பக் கட்டாமல், பழைய பொட்டலத்தையே எடுத்துக்கொள்ளும்படி ஒவ்வொரு டாஸ்க்கையும் திருத்தினாள். டீ ஆறுவதற்குள் பில்டு முடிந்தது. கூடத்தில் கை தட்டினார்கள்.

மாற்றம் எதுவானாலும் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. பில்டு மாற்றங்களுக்கு ஒப்புதல் தருகிறவள் அண்ணி. முதலில் வந்த ஒரு மாற்றத்தை அவள் திருப்பி அனுப்பியிருந்தாள். அதற்கு வீட்டில் ஒரு வாரம் தட்டைப் பார்த்த சாப்பாடு. "ஆபீஸ்ல ஆயிரம் பேர் இருக்கும்போது நம்ம வீட்டுப் பொண்ணுகிட்டதான் உன் கறாரக் காட்டணுமா?" என்று மாமியார் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். ஆகவே அடுத்த மாற்றம் வந்தபோது அண்ணி, மதியச் சாப்பாட்டு டப்பாவை ஒரு கையால் மூடிக்கொண்டே மறு கையால் திரையை உருட்டினாள். எல்லைப் பதிவுக்குப் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் உறுத்தியது. எண்ணைக் கேட்கிற வரி கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. இது முதல் சுற்றிலேயே கேட்டுவிடுமோ என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டால் கேள்வி, கேள்விக்குப் பதில், பதிலுக்கு முகம். பட்டாசுக்குத் தெரியாததா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள்.

அந்தப் பொட்டலங்கள் வாடிக்கையாளர்களுக்குப் போன நாள் ஒரு சாதாரண வேலை நாள். வழக்கப்படி காலையில் நாலைந்து இடங்களுக்கு மட்டும் அப்டேட் போகும். அங்கே தொந்தரவு இல்லையென்றால் மதியம் எல்லாருக்கும். மருந்துக் கிடங்கு ஒன்றிலிருந்து, பெட்டியின் திரையில் தங்கள் பெயர் தப்பாக வருகிறது என்று ஏற்கெனவே புகார் வந்திருந்தது. இந்த முறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணி அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள். பெயர் சரியாக இருந்தது. அதற்குக் கீழே எல்லை: பதினைந்து.

தான்தான் தப்பான பொட்டலத்தைப் பிரித்துவிட்டோம் என்று நினைத்தாள். மூடிவிட்டு மறுபடி பிரித்தாள். பதினைந்து. மீன் அறையைப் பிரித்தாள். பதினைந்து. ரத்த வங்கியைப் பிரித்தாள். அங்கேயும் பதினைந்து. எல்லாப் பிள்ளைக்கும் தாயின் எண். பில்டு முழுக்கப் பச்சை. ஒரு இடத்தில்கூடக் கருவி முறையிடவில்லை. முறையிட அதற்கு என்ன இருக்கிறது, எண் வேண்டும் என்றது, எண் கிடைத்தது.

அவள் எழுந்து பட்டாசின் மேஜைக்குப் போனாள். கூப்பிடக்கூட இல்லை. தன் லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தாள். பட்டாசு ஹெட்போனைக் கழற்றி, பார்த்து, "இது பழைய பொட்டலமா இருக்கும் அண்ணி" என்றாள். அண்ணி தேதியைக் காட்டினாள். பட்டாசு தன் மெஷினில் பிரித்துப் பார்த்தாள். பிறகு தன் மாற்றத்தைத் திறந்து மேலிருந்து கீழே படித்தாள். அந்த வரிக்கு வந்ததும் அவள் கழுத்து சிவந்ததை அண்ணி பார்த்தாள். பிள்ளைகள் வாயைத் திறப்பதற்கு முன்பே எண்ணைக் கேட்டிருக்கிறது. கேட்ட நேரத்தில் தாயிடம் இருந்தது ஒரே எண்.

"காலைல யார் யாருக்குப் போச்சு?" என்றாள் பட்டாசு.

காய்கறிக் கிடங்குகளுக்குப் போயிருந்தது. அவற்றுக்குப் பதினைந்துதான் சரி. மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம். ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி. பெட்டி அப்டேட்டை வாங்கிப் போட்டுக்கொண்டுவிட்டதாகத் திரையில் செய்தி வந்திருந்தது. அதாவது அந்த நிமிடத்தில் அந்த அறையில் ஆறைத் தாண்டினாலும், பத்தைத் தாண்டினாலும் பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்கும்.

மேனேஜர் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. ஆளைப் பார்த்துக் கத்துகிற வழக்கமும் கிடையாது. கேட்டதும் முதல் காரியமாக மதிய அப்டேட்டை நிறுத்தினார். யார் செய்தது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, மாற்றத்தின் மேலேயே எழுதியவள் பெயரும் ஒப்புதல் கொடுத்தவள் பெயரும் இருந்தன. ரத்த வங்கிக்கு உடனே ஃபோன் பண்ண வேண்டும் என்று அண்ணி சொன்னபோதுதான் அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அந்த ஆஸ்பத்திரி போன மாதம்தான் வேறு ஒரு தகராறில் ஒப்பந்தத்தை முறிப்பதாக மிரட்டியிருந்தது. எத்தனை நாளாகவோ அங்கே அலாரம் அடித்ததே இல்லை, அறை சரியாகத்தான் இருக்கும் என்றார்.

"திருத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சுடலாம் சார்" என்றாள் பட்டாசு.

"அப்ப முடிங்க. சரியான பொட்டலத்தோட சேர்த்தே சொல்லிடலாம். வெறுங்கையோட ஃபோன் பண்ணி, உங்க அலாரம் செத்துப்போச்சுன்னு சொன்னா அங்க என்ன ஆகும்னு யோசிங்க. நான் மேல பேசிட்டு வர்றேன்."

கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நடப்பது தெரிந்தது.

இரண்டு பேரும் ஒரே மேஜையில் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்கள். தாய் ஃபைல், பிள்ளைகளையெல்லாம் முதலில் படித்து முடித்த பிறகே தன்னுடையதைப் படிக்கும்படி மாற்றிவிடலாம் என்றாள் அண்ணி. அவசரத்துக்கு அதுதான் சுருக்கமான வழி. பட்டாசு கீபோர்டை இழுத்துக்கொண்டாள். வழக்கமாகத் தடதடவென்று அடிக்கிற விரல்கள் அன்று எழுத்து எழுத்தாக அடித்தன. பில்டை ஓட்டினார்கள். பச்சை. அண்ணி ரத்த வங்கிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

பதினைந்து.

பட்டாசு மாற்றத்தைச் சேமித்தோமா என்று பார்த்தாள். சேமித்திருந்தது. மறுபடி ஓட்டினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் பில்டு முடிந்தது. மறுபடி பதினைந்து. ஒருவேளை பிள்ளை ஃபைலிலேயே தப்போ என்று திறந்து பார்த்தார்கள். ஆறு என்று பளிச்சென்று இருந்தது. திருத்தியிருக்கிறது, படித்திருக்கிறது, ஆனாலும் எழுதவில்லை. பக்கத்து மேஜைக்காரர் ஏதோ கேட்க வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வந்த வழியே போனார்.

அண்ணிக்கு அந்த நேரத்தில் திரையில் எதுவும் ஏறவில்லை. எழுத்துகள் தெரிந்தன, அர்த்தம் வரவில்லை. பெண் பிறந்தபோது தனக்கு ரத்தம் ஏற்றியது ஞாபகம் வந்தது. கட்டிலுக்கு மேலே தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அது எந்த அறையிலிருந்து வந்தது, அந்த அறையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அன்று அவள் நினைக்கவே இல்லை. யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கண்ணாடி அறைக்குள் மேனேஜர் இன்னமும் நடந்துகொண்டிருந்தார்.

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்கே என்று பட்டாசு கேட்டாள். "நீ பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போனாள். படியில் யாரும் இல்லை. பெட்டிகளைச் சோதித்த காலத்திலிருந்தே வாடிக்கையாளர்களின் ஃபோன் எண்கள் அவளிடம் இருந்தன. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி போட்டாள். மூச்சு வாங்க ஒரு ஆண் குரல் எடுத்தது. ரத்த வங்கி டெக்னீஷியன்.

அவள் யாரென்று சொன்னாள். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னாள். "உங்க பெட்டில காலைல போன அப்டேட் தப்பு சார். எங்க தப்பு. இப்ப உள்ள சூடு ஏறினாலும் அது அடிக்காது. நீங்க நேர்ல போய் தெர்மாமீட்டர பாக்கணும்."

"அடிக்காதா? பச்சை லைட்டு எரியுதே மேடம்."

"எரியும். அத நம்பாதீங்க. உள்ள தனியா ஒரு தெர்மாமீட்டர் இருக்குமே, அத பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. ஒரு கதவு. இன்னொரு கதவு. யாரோ யாரிடமோ நகரச் சொல்வது கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அண்ணி படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரும்பு சில்லென்று இருந்தது.

"மேடம்." குரல் மாறியிருந்தது. "எட்டு காட்டுது. கதவு சரியா சாத்தல. காலைல சரக்கு இறக்கினப்ப ஒரு அட்டை கீழ மாட்டியிருக்கு. ஒரு விரல் அளவு திறந்திருக்கு."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். கதவைச் சாத்தச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சாத்தியிருந்தார். எவ்வளவு நேரமாக எட்டு என்று அவளால் கேட்க முடியவில்லை. அவரே சொன்னார், சூடு ஏறுவதைக் குறிக்கிற வரைபடக் கருவி தனியாக இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் முடிவு செய்வார், அதுவரை இங்கிருந்து ஒரு பை வெளியே போகாது என்று. பிறகு ஒரு ஆளை நாற்காலி கொண்டுவரச் சொல்லி தெர்மாமீட்டருக்கு முன்னாலேயே உட்காரவைத்தார். கோபப்படவில்லை. கோபத்துக்கு நேரமில்லாத குரல் அது.

அதற்குள் மேலே கதவு திறந்து பட்டாசு இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தாள். லேப்டாப்பைத் திறந்தபடியே மார்போடு அணைத்திருந்தாள். அண்ணிக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணி, அது ஓடவே இல்ல. எல்லைப் பதிவு ஓடவே இல்ல. எதுவும் மாறலன்னு நினைச்சு பழைய பொட்டலத்தையே தூக்கிக் குடுக்குது. அந்த எண்ணும் ஒரு பொருள், அது மாறினா திரும்பக் கட்டணும்னு நான் அதுக்குச் சொல்லவே இல்ல. வேகம் வேகம்னு அத விட்டுட்டேன்."

அண்ணி ஃபோனை ஒரு காதில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். இப்போது எழுத்துகளுக்கு அர்த்தம் வந்தது. எந்தெந்தப் பொருள் மாறினால் டாஸ்க் மறுபடி ஓட வேண்டும் என்கிற இடத்தில் எண் இல்லை. பட்டாசு சேர்த்தாள். கூடவே எண்ணைக் கேட்கிற வரியையும், கடைசி நேரத்தில்தான் கேட்கும்படி பழையபடியே இறக்கிவைத்தாள். அண்ணி இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, இது மீன் அறைக்கும் சேருமா என்று கேட்டாள். பட்டாசு வெடிக்கவில்லை. சேராது என்று பார்த்து, அதையும் திருத்தினாள். பழைய பொட்டலங்கள் அனைத்தையும் அழித்துவிட்டு ஓட்டினார்கள். பில்டு மெதுவாக, முன்பெல்லாம் ஓடுமே அப்படி, ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போனது. இத்தனை மெதுவாக அது ஓடியதாக அண்ணிக்கு ஞாபகமே இல்லை.

ரத்த வங்கி: ஆறு. மருந்து சரி. மீன் சரி. காய்கறி பதினைந்து.

பொட்டலத்தை அனுப்பினார்கள். டெக்னீஷியனிடம் பெட்டியின் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அண்ணி சொன்னாள். அழுத்தியாயிற்று, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். பிறகு நின்றுவிட்டது, பச்சை எரிகிறது என்றார்.

"பச்சைய நம்ப வேண்டாம் சார். ஒயரோட முனைய வெளிய எடுத்து உள்ளங்கையில மூடிப் பிடிங்க."

பட்டாசு அண்ணியின் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது, அண்ணி கையை எடுக்கச் சொல்லவில்லை. பிறகு ஃபோனுக்குள்ளிருந்து கர்ணகடூரமாக ஒரு சத்தம் வந்து மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. அவர்களே தயாரித்த சத்தம்தான். சோதனை அறையில் எத்தனையோ முறை காதைப் பொத்திக்கொண்ட சத்தம். பட்டாசு அழுதுவிட்டாள்.

தலைக்கு மேலே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அலாரம் அடித்து ஓய்கிற வரைக்கும் நின்றார். பிறகு, "நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம்" என்றார். அண்ணி எழுந்து நின்று, எட்டு டிகிரி இருந்தது சார் என்றாள். அவர் திரும்பிப் படியேறினார்.

அன்று மாலை இருவரும் ஸ்கூட்டரில் வீடு திரும்பினார்கள். பட்டாசு ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது திரும்பாமலே கேட்டாள்.

"ஒப்புதல் குடுத்தீங்களே, அந்த வரிய அன்னைக்குப் பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன்."

"சந்தேகம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஏன் கேக்கல?"

அண்ணி எத்தனையோ சாக்குச் சொல்லியிருக்கலாம். அவசரம், சாப்பாட்டு நேரம், நம்பிக்கை. "நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவேன்னு" என்றாள்.

விளக்கு பச்சையாகி, பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் பட்டாசு ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "இனிமே என் வேலைய நீங்க பாக்க வேணாம் அண்ணி. வேற யாராவது பாக்கட்டும்" என்றாள். அண்ணிக்கு அது அறைந்த மாதிரி இருந்தது. இரவு படுத்த பிறகு மனதுக்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தபோதுதான், அதில் கோபம் இல்லை என்று பிடிபட்டது. இருவருக்கும் அதுதான் நல்லது. மறுநாள் மேனேஜரிடம் இருவரும் சேர்ந்தே போய்ச் சொன்னார்கள். அவர் ஏற்கெனவே அதைத்தான் முடிவு செய்துவைத்திருந்தார். கேட்காமல் வாடிக்கையாளரை அழைத்ததற்கு அண்ணிக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பும் வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் மாமியாருக்கு முழுதாகச் சொல்லவில்லை. மகள் சாப்பிடாமல் எழுந்ததைப் பார்த்து அவர் வழக்கம்போல மருமகளைப் பார்த்தார். "அண்ணிய ஏன் பாக்கறீங்க, தப்பு என்னுது" என்று பட்டாசு சொல்லிவிட்டுப் போனாள். கணவன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான்.

தாய் ஃபைலிலிருந்த பதினைந்தை அண்ணி எடுத்துவிட்டாள். காய்கறிக் கிடங்கு தன் எண்ணைத் தன் ஃபைலில் சொல்லட்டும். எண் சொல்லாத பிள்ளை இருந்தால் பில்டு அங்கேயே நிற்கும், யாருடைய எண் இல்லை என்று சொல்லும். கட்டி முடித்த ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்க இன்னொரு டாஸ்க் எழுதிச் சேர்த்தார்கள். அதைப் பட்டாசு எழுதினாள். புதிதாக ஒப்புதல் பார்க்க வந்தவர் அதை மூன்று முறை திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு முறையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினாள்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரி விளக்கம் கேட்டு அழைத்தது. மேனேஜரும் அண்ணியும் போனார்கள். டாக்டர் அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். கதவுக்குப் பக்கத்து அடுக்கிலிருந்த பைகளைக் கொட்ட வேண்டியதாயிற்று, உள்ளே இருந்தவை தப்பின, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அனைத்தும் போயிருக்கும் என்றார். ஒப்பந்தத்தைத் தொடர்வதா என்று பிறகு சொல்வதாகச் சொன்னார். டெக்னீஷியன் அண்ணிக்கு ஒரு தடித்த குளிர்க் கோட்டைக் கொடுத்து அறையைக் காட்டக் கூட்டிப்போனார். இத்தனை வருடத்தில் தன் எண் ஓடுகிற ஓர் அறைக்குள் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. அடுக்கடுக்காகப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒட்டுச்சீட்டு. கதவோர அடுக்கு மட்டும் காலியாகக் கிடந்தது. ஒவ்வொரு பையும் யாரோ ஒருவர் கையை நீட்டி உட்கார்ந்து கொடுத்தது. அதைக் கொட்டிவிட்டார்கள் என்பதை அவளால் அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டு நினைக்க முடியவில்லை. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும்போது மேனேஜர்தான் காரை ஓட்டினார். வழியில் அவர் திடீரென்று, அன்றைக்குக் கண்ணாடி அறைக்குள் தானும் அந்த ஆஸ்பத்திரியின் ஃபோன் எண்ணைப் போட்டதாகச் சொன்னார்.

"மணி அடிக்கிறதுக்குள்ள கட் பண்ணிட்டேன் அண்ணி."

சிறிது தூரம் போன பிறகு அண்ணி, அடுத்த வளைவில் வலது பக்கம் திரும்பினால் நெரிசல் இருக்காது என்றாள். அவர் தலையாட்டிவிட்டு வலது பக்கம் திருப்பினார்.